ஒரே மூச்சில் எத்தனை

90 அடி சாலை, தாராவி, மும்பை
19.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

லிசா எழுதுவது. நீயும் உன்னுடன் இருக்கும் சகோதரிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகம். அப்பா சுகமில்லை.

"லேசாக் காய்ச்சல்னு மட்டும் எழுது, போதும். முழுசையும் எழுதி அவ மனசைக் கலைச்சிராத. மே மாசம் சிஸ்டராக வார்த்தைப்பாடு குடுக்கணும் அவ" என்று சொல்லிவிட்டு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஆனால் நான் பாதியை எழுதினால் மீதிப் பாதியை நீ அங்கே உட்கார்ந்து கற்பனை செய்வாய். நவதுறவியர் இல்லத்தில் போன் பேசவும் விடமாட்டார்கள். அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அப்பாவுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தோல் பை பட்டறைக்குப் போய்வந்தார். மூன்றாம் நாள் வலது விலாவில் வலி. மூச்சை இழுத்தால் கத்தி இறங்குவதுபோல் இருக்கிறது என்றார். தோல் வெட்டுகிறவர் கத்தி என்று சொன்னால் சும்மா சொல்லமாட்டார். வலிக்கிற பக்கத்தையே கீழே வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. நானாக இருந்தால் மறுபக்கம் திரும்பிப் படுத்திருப்பேன்.

பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வலி போய்விட்டது. அம்மா பூசைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பதினைந்தாம் தேதி அப்பா மாடி வீட்டுக்கு ஏறும் நம் இரும்பு ஏணியில் மூன்று படி ஏறியவர், மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பட்டறை முதலாளி ஹனீப் மாமாதான் தோளில் தாங்கி இறக்கி டாக்சியில் கூட்டிக்கொண்டு போனார்.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் முக்கால்வாசி வெள்ளையாக இருந்தது. டாக்டர் மானசா தமிழ்நாட்டில் படித்தவர், நம் மொழி பேசுகிறார். நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை இரண்டு அடுக்காக இருக்கிறதாம். நடுவில் கொஞ்சம் ஈரம், அதனால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அசைகின்றன. நிமோனியாக் கிருமி அந்த இடைவெளிக்குள் புகுந்து நீர் கோத்து, நீர் சீழாகிவிட்டது. மாத்திரை மட்டும் கொடுத்தால் சீழுக்குள் மருந்து போய்ச் சேராது, வெளியே எடுக்கத்தான் வேண்டும் என்றார். இரண்டு விலா எலும்புக்கு நடுவே குழாய் போட்டு, தரையில் ஒரு பாட்டிலில் விட்டிருக்கிறார்கள். அப்பா மூச்சு விடும்போதெல்லாம் குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்குகிறது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன் தங்கை,
லிசா


நவதுறவியர் இல்லம், நெல்லை மாவட்டம்
27.1.2025

இயேசுவில் அன்பான லிசாவுக்கு,

அக்கா ஜெனிஃபர் எழுதுவது. இறைவன் நம் வீட்டின்மேல் கண் வைத்திருக்கட்டும். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. முழுவதையும் எழுதியதற்காக அம்மா உன்னைத் திட்டியிருந்தால் எனக்காகப் பொறுத்துக்கொள்.

இங்கே பொறுப்பாளர் சகோதரி பிலோமின் கடிதத்தைப் படித்துவிட்டு என் கையில் கொடுத்து, "கோயிலில் போய் வாசி" என்றார்கள். பயிற்சியில் இருக்கும் நாங்கள் பன்னிரண்டு பேரும் அப்பாவுக்காகச் செபமாலை சொன்னோம். நான்தான் முன்மொழிந்தேன், மற்றவர்கள் பதில் சொன்னார்கள்.

நானும் அப்பாவுக்காக ஒன்றை ஒப்புக்கொடுத்திருக்கிறேன். என்ன என்று கேட்காதே. வெளியே சொன்னால் அது காணிக்கை ஆகாது. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ டைபாய்டில் கிடந்தபோது அம்மா நாற்பது நாள் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, கேட்டவர்களிடம் காரணமும் சொல்லவில்லை. அதுபோல.

சில விஷயம் கேட்கிறேன். அப்பாவுக்குக் காய்ச்சல் காலையில் இருந்ததா, சாயங்காலம் மட்டுமா? சிரித்தால், தும்மினால் வலித்ததா? வலி தோள் வரை ஏறியதா? தெரிந்துகொண்டால் குறிப்பிட்டுச் செபிக்க வசதியாக இருக்கும்.

இங்கே பனி அதிகம். தோட்டத்தில் கத்தரி காய்த்திருக்கிறது. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், நன்றாக இருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


தாராவி
4.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே நிலைமை ஏறியும் இறங்கியும் இருக்கிறது, பாட்டில் தண்ணீரைப் போல.

முதலில் உன் கேள்விகளுக்குப் பதில். அப்பாவுக்கு நாள் முழுவதும் காய்ச்சல். சிரித்தால் வலித்தது, தும்மினால் அதைவிட வலித்தது. தோளைப் பற்றிக் கேட்டேன். "இல்ல பிள்ள, விலாவோட நின்னுட்டு. யாருக்குத் தோள் வலிக்கி?" என்றார். அக்கா கேட்கிறாள் என்றேன். "அவ டாக்டருக்குப் படிக்கப் போனாளா, சிஸ்டராகப் போனாளா?" என்றார்.

ஒன்றாம் தேதி அப்பாவுக்குக் காய்ச்சல் திரும்பவும் ஏறியது. நூற்றிரண்டு. பாட்டிலில் ஒன்றும் இறங்கவில்லை. நாங்கள் மிகவும் பயந்துபோனோம். ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சீழ் கெட்டியாகி உள்ளே சின்னச் சின்னத் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறதாம். நம் சால் வரிசையின் ஒற்றை அறை வீடுகளைப் போல, ஒரு அறையில் குழாய் இருந்தால் அடுத்த அறைத் தண்ணீர் வராது. இப்போது குழாய் வழியாகவே கரைக்கிற மருந்தை உள்ளே விட்டு, ஒரு மணி நேரம் மூடி வைத்துத் திறக்கிறார்கள். கரையாவிட்டால் நெஞ்சில் துளை போட்டுக் கேமரா வைத்துச் சுத்தம் செய்ய வேண்டுமாம். அதையும் தள்ளிப்போட்டால் நுரையீரல்மேல் தோல்போலப் பட்டை கட்டி அதை விரியவிடாது. நேற்று முதல் முறை மருந்து விட்டார்கள், இரவுக்குள் பாட்டில் நிறைந்தது.

ஹனீப் மாமா வந்து, "என்ன வேதமுத்து, கட்டிலடியில பாட்டில் வச்சிக்கிட்டு உபவாசம் இருக்கியா?" என்றார். அப்பா சிரித்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதீரும்வே, தையல் பிரியும்."

தினமும் காலையில் டாக்டர் மானசா, "ஒரே மூச்சில் எண்ணுங்க" என்பார். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, நடுவில் இழுக்காமல், சாதாரண வேகத்தில் எண்ண வேண்டும். முதல் நாள் அப்பா ஒன்பது. இப்போது பதினாறு. நான் ஒரு தாளில் கட்டம் போட்டு எல்லோருடையதையும் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். நான் 41. அம்மா 34. ஹனீப் மாமா 29, பீடியை விட்டால் ஐம்பது என்கிறார். உன் கட்டம் மட்டும் காலி. நீதான் ஜெயிப்பாய் என்று தெரியும். வீட்டுச் செபமாலையில் மூன்று மங்கள வார்த்தை செபத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்து அம்மாவிடம் அடி வாங்கியவள் நீ.

எத்தனை என்று எழுது.

லிசா


நவதுறவியர் இல்லம்
16.2.2025

அன்பான லிசாவுக்கு,

இறைவனுக்கு நன்றி. அப்பாவின் பாட்டில் நிறைந்த செய்தியைப் படித்துக் கோயிலில் அழுதுவிட்டேன். ஒன்றாம் தேதி காய்ச்சல் திரும்பியது என்றாயே, அது சனிக்கிழமைதானே? காலையிலா, மத்தியானத்துக்கு மேலா? இனி அப்படி வராது. வரவிடமாட்டேன்.

எனக்கு இப்போது பாடகர் குழுவிலிருந்து விடுப்பு. தையல் அறையில் இருக்கிறேன். வார்த்தைப்பாட்டுக்கான உடுப்புகள் தைக்கிறோம். பன்னிரண்டு பேருக்கும் அளவு எடுத்தார்கள். என் அளவை இரண்டு முறை எடுத்தார்கள், போன மாத அளவோடு ஒத்துப்போகவில்லை என்று. கத்தரிக்காயே சாப்பிட்டால் யாரும் இளைக்கத்தான் செய்வார்கள்.

என் கட்டிலைச் சன்னல் பக்கம் மாற்றிக்கொண்டேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வேப்பமரம் தெரிகிறது. அப்படியே படுத்துப் பழகிவிட்டது.

ஒரு கேள்வி. அப்பாவுக்கு வலி தானாகப் போனது என்று எழுதியிருந்தாய். அது நல்லதுதானே?

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அதிலிருந்து ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் வாங்கவும் இல்லை. வருகிறவற்றைப் பிரிக்காமல் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைப்பார்கள். அதற்குள் ஒன்று எழுதிவிடு.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அக்கா


தாராவி
22.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தியோடு தொடங்குகிறேன். அப்பாவின் குழாயை எடுத்துவிட்டார்கள். துளை போட வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டார், இன்னும் மூன்று வாரம் மாத்திரை உண்டு. நேற்று 24 எண்ணினார். அம்மாவின் முழங்கால் பழையபடிதான், அதை அவள் கணக்கில் எடுப்பதில்லை.

இனி உன் கடிதம். அதை நான் நான்கு முறை படித்தேன்.

வலி தானாகப் போனது நல்லதா என்று கேட்டாய். நல்லதில்லை அக்கா. டாக்டர் மானசாவிடம் இதையே கேட்டேன். வீங்கிய இரண்டு உறைகளும் ஒன்றோடொன்று உரசும்போதுதான் வலிக்கும். நடுவே நீர் நிறைய நிறைய அவை விலகிப்போகும், உரசாது, வலி நிற்கும். வலி நின்று மூச்சு வாங்கினால் நோய் போகவில்லை, பெருகியிருக்கிறது என்று பொருள். நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றிய ஞாயிறு அப்பாவின் நெஞ்சில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. வலிக்கிற பக்கமாகவே படுத்ததற்கும் காரணம் உண்டு. அந்தப் பக்கம் அழுந்திக் கிடந்தால் குறைவாக அசையும்.

நீ பாட்டை விட்டுவிட்டாய். இடது பக்கமாகவே படுக்கிறாய். இளைத்திருக்கிறாய். சாயங்காலக் காய்ச்சலையும் தோள் வலியையும் பற்றி என்னிடம் கேட்டது நீதான், அப்பாவுக்கு அவை இரண்டுமே இருந்ததில்லை.

எண்ணிக்கை கேட்டேன், எழுதவில்லை. மறந்திருக்கமாட்டாய். ஸ்கூலில் ஒரு மார்க் குறைந்தால்கூட விடைத்தாளைத் திரும்பக் கேட்டவள் நீ.

அக்கா, உனக்கு என்ன செய்கிறது?

லிசா


நவதுறவியர் இல்லம்
2.3.2025

அன்பான லிசாவுக்கு,

அப்பா வீடு வந்து சேர்ந்ததற்கு ஆண்டவருக்குத் தோத்திரம். இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்.

நீ நிறையப் புத்தகம் படிக்கிறாய், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தேடுகிறாய். எனக்கு ஒன்றுமில்லை. முன்பு கொஞ்சம் இருந்ததுகூட இப்போது இல்லை. அப்பாவின் குழாயை எடுத்த அதே வாரம் போய்விட்டது. இதற்கு நீ டாக்டரிடம் காரணம் கேட்கலாம், நான் கேட்கத் தேவையில்லை.

கோயில் படிகளில் இப்போது அவசரப்படாமல் ஏறக் கற்றுக்கொண்டேன். நடுவில் மாதா சிலை வைத்த கெபி இருக்கிறது, அங்கே நின்று ஒரு செபம் சொல்லிவிட்டு மீதிப் படிகளை ஏறுகிறேன். சகோதரி பிலோமின், "ஜெனிஃபரிடம் அமைதி வந்திருக்கிறது, அவளைப் பார்த்துப் பழகுங்கள்" என்று மற்றவர்களிடம் சொன்னார்கள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை.

அம்மாவிடம் எதையும் சொல்லிப் பயமுறுத்தாதே. அப்பா இப்போதுதான் எழுந்து நடக்கிறார். ஈஸ்டருக்குப் பிறகு எழுதுகிறேன். பரீட்சையை நன்றாக எழுது.

அக்கா


தாராவி, மும்பை
9.3.2025

மதிப்பிற்குரிய சகோதரி பிலோமின் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் இல்லத்தில் இருக்கும் ஜெனிஃபரின் தங்கை லிசா. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். தவக்காலத்தில் அக்காவுக்கு வரும் கடிதம் பெட்டிக்குள் போய்விடும் என்பதால் உங்கள் பெயருக்கே எழுதுகிறேன். தவறாக இருந்தால் மன்னிக்க வேண்டும்.

அக்காவின் நெஞ்சில், இடது பக்கம், நீர் கோத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு மாதம் அப்பாவின் கட்டில் பக்கத்தில் இருந்து இதைப் பார்த்தேன். அக்கா ஜனவரியிலிருந்து எழுதிய கடிதங்களை நீங்களும் படித்திருப்பீர்கள். இளைத்தது, பாட முடியாதது, ஒரே பக்கமாகப் படுப்பது, முதலில் இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லாமல் போனது, எல்லாம் அவற்றிலேயே இருக்கின்றன. அவள் கெபி முன்னால் நிற்பது செபத்துக்காக மட்டும் இல்லை என்று பயப்படுகிறேன். அதற்குமேல் ஏற முடியவில்லை.

நேற்று அம்மாவை இல்லத்துக்குப் போன் செய்ய வைத்தேன். எடுத்த சகோதரி, "எல்லாப் பிள்ளைகளும் சுகம், ஈஸ்டருக்குப் பிறகு பேசலாம்" என்றார்கள். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. "ஏட்டி, சீக்குக்காரின்னு நாமளே சொல்லிக் குடுத்தா வீட்டுக்கு அனுப்பிருவாவ. அவ பத்து வயசிலேருந்து கேட்ட வாழ்க்கை அது" என்று அழுதாள். அது எனக்கும் தெரியும். இந்தக் கடிதத்துக்குப் பிறகு அக்கா என்னோடு பேசாமல் போகலாம்.

அவள் அப்பாவுக்காக ஏதோ ஒப்புக்கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாள். அது இந்த வலிதான் என்று எனக்குத் தோன்றியதும், அவளுடைய கடிதங்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிக் கடிதத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "பேனாவக் குடு" என்றார். கீழே இருப்பது அவர் எழுத்து.

அவளை ஒரே மூச்சில் எண்ணச் சொல்லிப் பாருங்கள். தயவுசெய்து ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

பணிவுடன்,
லிசா

மதர் அவர்களுக்கு. என் மகள் எனக்காக ஒப்புக்கொடுத்த வலியை நான் வாங்கிக்கொள்ளவில்லை. திருப்பி அனுப்புகிறேன். இதை அவளிடம் சொல்லவும். — வேதமுத்து


தாராவி
19.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் பெட்டிக்குள் போகும் என்று தெரிந்தே எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சகோதரிக்கு அனுப்பியது பதிமூன்றாம் தேதி பட்டுவாடா ஆகிவிட்டது என்று ஸ்பீடு போஸ்ட்டில் காட்டுகிறது. ஆறு நாள் ஆகிவிட்டது. அங்கிருந்து எந்தத் தகவலும் இல்லை. ஒருவேளை என் கடிதத்தையும் பெட்டியில் போட்டுவிட்டார்களோ. ஒருவேளை உன்னைக் கூப்பிட்டுக் கேட்டு, நீ ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பாயோ. நீ சொன்னால் யாரும் நம்புவார்கள். உன் குரல் அப்படி.

நாளைக்குக் கணக்குப் பரீட்சை. புத்தகத்தைத் திறந்தால் நீ கெபி முன்னால் நிற்பதுதான் தெரிகிறது. எத்தனையாவது படியில் கெபி என்று நீ எழுதவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது. பத்தாவதா, ஐந்தாவதா?

அம்மா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் இன்று மாஹிம் கோயில் புதன்கிழமை நவநாளுக்குப் போய், திரும்பி வந்து, நான் கேட்காமலே, "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கேட்டேன்" என்றாள். அப்பா 33 எண்ணிவிட்டார். எண்ணி முடித்ததும், "அவ எத்தனை?" என்றார். தினமும் கேட்கிறார்.

ஒருவேளை நான் சொன்னது தவறாக இருந்து, நீ சுகமாக இருந்தால், ஈஸ்டர் அன்று இதைப் படித்து என்னைப் பார்த்துச் சிரி. வாழ்நாள் முழுவதும் சிரி. நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன்.

லிசா


நவதுறவியர் இல்லம்
22.3.2025

அன்பு மகள் லிசாவுக்கு,

உனக்கும் உன் பெற்றோருக்கும் இறையாசீர். பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள். ஆஸ்பத்திரியும் இல்லமுமாக அலைந்துகொண்டிருந்தேன். போனில் சொன்னால் அம்மா பாதியிலேயே அழத் தொடங்குவார், அதனால் முழுவதும் தெரிந்த பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். அது சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மும்பையில் இருக்கிற சிறு பெண்ணுக்கு என் கண்ணெதிரில் இருப்பவளைப் பற்றி என்ன தெரியும் என்று. ஆனாலும் அன்று மாலைச் செபமாலையில் ஜெனிஃபரை முன்மொழியச் சொன்னேன். முதல் மங்கள வார்த்தையிலேயே இரண்டு இடத்தில் நிறுத்தினாள். மூன்றாவதில் குரல் வரவில்லை. இத்தனை மாதமாக அவளைத் தினமும் பார்க்கிறேன் மகளே, நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையே கூட்டிக்கொண்டு போனோம். இடது பக்கம் நீர். ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். சீழ் இல்லை, வைக்கோல் நிறத் தண்ணீர். பரிசோதனையில் அது நுரையீரல் உறையில் வரும் காசநோய் என்று தெரிந்திருக்கிறது. உன் அப்பாவுக்கு வந்தது வேறு, இது வேறு. குழாய் வேண்டாம், ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் மாத்திரை. சளியில் கிருமி இல்லை, மற்றவர்களுக்குப் பரவும் பயம் குறைவு என்கிறார்கள், எல்லோரையும் பரிசோதித்தும் விட்டோம். இன்னும் சில வாரம் போயிருந்தால் உறை தடித்து நுரையீரல் விரியாமல் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை என்று அம்மாவிடம் சொல். ஆனால் இந்த மே மாதம் அவள் வார்த்தைப்பாடு கொடுக்க முடியாது. பதினொரு பேர் கொடுப்பார்கள். தவக்காலமானாலும் உனக்கு எழுத அனுமதி தந்தேன். வேண்டாம் என்றுவிட்டாள். உன்மேல் வருத்தத்தில் இருக்கிறாள்.

அவள் மௌனத்தை எல்லோருக்கும் முன்மாதிரியாகக் காட்டியவள் நான். வருத்தப்பட வேண்டியது என்மேல்தான்.

அப்பா எழுதியதை வாசித்துக் காட்டினேன். அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள். திருப்பித் தரவில்லை.

ஆண்டவரில்,
சகோ. பிலோமின்


நவதுறவியர் இல்லம்
20.4.2025
உயிர்ப்பு ஞாயிறு

லிசா,

பெட்டியைத் திறந்தார்கள். உன் கடிதத்தைப் படித்தேன். கெபி எட்டாவது படியில் இருக்கிறது. மொத்தம் இருபத்திரண்டு.

உன்மேல் கோபமாக இருந்தேன். பதினொரு உடுப்புகளை நான்தான் காஜா எடுத்து முடித்தேன். பன்னிரண்டாவதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் குண்டு குண்டான கையெழுத்து ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், மறைத்தது போதும்.

நீ அறியாத ஒன்று உண்டு. பிப்ரவரி முதல் தேதி வலி தாங்காமல், மருந்தறைச் சகோதரியிடம் முதுகு பிடித்திருக்கிறது என்று சொல்லித் தைலம் வாங்கிப் போட்டேன். பத்தாம் தேதி உன் கடிதம் வந்தது. ஒன்றாம் தேதி அப்பாவுக்குக் காய்ச்சல் திரும்பியது என்று எழுதியிருந்தாய். நான் வாய் திறந்ததால்தான் ஏறியது என்று நினைத்தேன். அதன் பிறகு எப்படி வாய் திறப்பேன்? வலி நின்றால் நல்லதில்லை என்று நீ எழுதியதையும் படித்தேன். எனக்குப் புரிந்தது. புரியாததுபோல் மடித்து வைத்தேன்.

அப்பாவின் தாள் என் செபப் புத்தகத்தில் இருக்கிறது. வாங்கிக்கொள்ளவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் எதைக் காணிக்கை என்று பிடித்துக்கொண்டிருப்பது? மூன்று நாள் அதை வைத்துக்கொண்டு யோசித்தேன். நான்காம் நாள்தான் மாத்திரையை யாரும் சொல்லாமல் நானாக எடுத்து விழுங்கினேன்.

இங்கே யாரும் என்னை ஒதுக்கவில்லை. சகோதரி பிலோமின் தினமும் மாத்திரை நேரத்தில் வந்து முன்னால் நிற்கிறார்கள், வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். சாயங்காலக் காய்ச்சல் நின்றுவிட்டது. இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். உடுப்பின் அளவை மறுபடியும் எடுக்க வேண்டிவரும்.

அம்மாவிடம் என் முத்தம். அப்பா கேட்டதற்குப் பதில் கீழே. நீ கேட்ட ஒவ்வொரு முறையும் நான் எண்ணிப் பார்த்தேன் லிசா. கோயிலுக்குப் பின்னால் போய், யாரும் இல்லாதபோது. உனக்கு எழுதவில்லை, என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்தேன். என் கட்டத்தில் எழுதிக்கொள்.

பிப்ரவரி 10 — 26
பிப்ரவரி 27 — 17
மார்ச் 13 — 11
இன்று காலை, இருபத்திரண்டு படியும் நிற்காமல் ஏறிய பிறகு — 31

அப்பாவிடம் சொல், இன்னும் இரண்டுதான் பாக்கி.

உன் அக்கா